கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு

(கோவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேசை மேல் இருக்கும் எவர்சில்வர் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே வரும்போதே ஒருவர் "பிரசாதமுங்களா?" என்று கேட்டார். கிட்டே வந்ததும் எண்ணெய் வாடை அவரை நிறுத்திவிட்டது. இது ஒரு கிளட்ச். 1967-ஆம் வருஷத்து ட்ரையம்ப் போன்வில், 649 சிசி, இரட்டை சிலிண்டர் வண்டியுடையது. இங்கிலாந்தில் மெரிடன் என்ற ஊரில் செய்தது. என் வண்டிக்குப் புதிய பாகங்கள் போட்டபோது கழித்துவைத்த பழைய செட்டைப் பெட்டிக்குள் வேட்டிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி டிரம்மைத் தூக்கிப் பார்த்து, "இது எதுக்கு சார்?" என்றார். "பேசறதுக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பெட்டியை மூடச் சொல்லிவிட்டார்.

உங்களில் பாதிப் பேர் லேத் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். மீதிப் பேரில் பலர் புல்லட் வைத்திருப்பவர்கள். புல்லட்காரர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ராயல் என்ஃபீல்டும் இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் பிறந்து, 1955-இல் சென்னைக்கு வந்த வண்டிதான். பழைய புல்லட்டில் இடது பக்க மூடியைக் கழற்றினால் முன்னால் ஒரு சின்னப் பல்சக்கரம், பின்னால் கிளட்ச், இரண்டையும் சுற்றி ஒரு இரட்டை வரிசைச் சங்கிலி. இதைத்தான் பிரைமரி என்கிறோம். இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகும் முதல் வழி. ட்ரையம்பிலும் அதே அமைப்பு. ஒரே வித்தியாசம், புல்லட்டின் மூடியை நடுவில் ஒற்றை நட்டு பிடித்துக்கொண்டிருக்கும். ட்ரையம்பில் சுற்றிலும் ஏகப்பட்ட ஸ்க்ரூ. புல்லட்டை வரைந்தவருக்கு மெக்கானிக் மேல் கொஞ்சம் இரக்கம் இருந்திருக்கிறது.

ட்ரையம்பில் முன் பல்சக்கரத்துக்கு 29 பல், கிளட்ச் டிரம்முக்கு 58. சரியாக இரண்டு மடங்கு. இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் கிளட்ச் ஒரு சுற்று. வேகம் பாதியானால் முறுக்கு விசை இரட்டிப்பாகும். ஆக, இன்ஜின் தருவதைப் போல இரண்டு பங்கு முறுக்கை இந்தக் கிளட்ச் வழுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதை விடுவிப்பது என்னவோ நம் இடது கையின் நாலு விரல். வலுவான ஸ்ப்ரிங் போட்டால் கை ஓய்ந்துவிடும், மெலிந்த ஸ்ப்ரிங் போட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகும். இதற்கு வழி, உராயும் முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. தாம்பாளத்தில் பாருங்கள்: கார்க் கலந்த துண்டுகள் ஒட்டிய பிளேட் 6, வெறும் ஸ்டீல் பிளேட் 6. கார்க் பிளேட் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம், மொத்தம் 12 இடத்தில் உராய்வு. ஒரே அழுத்தம்தான், பன்னிரண்டு தடவை வேலை செய்கிறது. மூன்றே மூன்று ஸ்ப்ரிங்கில் காரியம் முடிகிறது. நான் பார்த்த இயந்திரங்களில் இவ்வளவு சிக்கனமான யோசனை குறைவு.

மெரிடன் பற்றி ஒரு வார்த்தை. ட்ரையம்ப் ஆலை முதலில் கோவென்ட்ரி நகரத்துக்குள் இருந்தது. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் குண்டுவீச்சில் நகரத்தோடு சேர்ந்து அதுவும் போனது. 1942-இல் ஊருக்கு வெளியே, பர்மிங்காம் போகும் வழியில், மெரிடனில் புதிய ஆலை எழும்பியது. அந்த ஊர்க்காரர்கள் இங்கிலாந்தின் நட்டநடுப் புள்ளி தங்கள் ஊர்தான் என்று சொல்லிக்கொள்வார்கள். 1973-இல் ஆலையை மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்ததும் தொழிலாளர்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டார்கள். பிறகு கூட்டுறவாக நடத்திப் பார்த்தார்கள். 1983-இல் அதுவும் முடிந்தது. இன்று அங்கே வீடுகள் நிற்கின்றன. ஒரு தெருவுக்குப் போன்வில் என்றே பெயர். நான் கோவென்ட்ரியில் வேலை பார்த்த காலத்தில் அந்தத் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிறுத்தினேன். புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மெஷினை நிறுத்திவிட்டு என் வண்டியின் சத்தத்தைக் கேட்டார். முகத்தைச் சுளித்து, "பிரைமரி செயின் தளர்ந்திருக்கு" என்றார். இறங்கிப் பார்த்தேன். தளர்ந்துதான் இருந்தது.

அன்றிலிருந்து ஒன்றை யோசித்து வருகிறேன். இந்த வண்டியின் கையேட்டில் ஒவ்வொரு பகுதியிலும் கழற்றுவதைப் பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு, பூட்டுவது என்று வரும்போது "அதையே தலைகீழாகச் செய்க" என்கிற தோரணையில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அப்படி இல்லை. கழற்றும்போது ஒரு பாகம் வருகிறதா வரவில்லையா என்பது மட்டும்தான் கேள்வி. பூட்டும்போது ஒவ்வொரு இடத்திலும் ஓர் அளவை நாம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இந்த ஸ்ப்ரிங் எவ்வளவு இறுக வேண்டும், இந்தச் சங்கிலி எவ்வளவு தொங்க வேண்டும், இந்தக் காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி. வரைபடம் போட்டவர் கடைசி அளவை வரையாமல் பூட்டுகிறவனின் கைக்கு விட்டுவிட்டார். ஆலையில் அதற்கென்று நாள் முழுக்க அதே வேலையைச் செய்யும் கைகள் இருந்தன. ஆலை போய்விட்டது. அந்த அளவுகள் இப்போது நம் கையில் நிற்கின்றன. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்குச் சாட்சி.

முதலில் ஸ்பேனர். நம்மூர் பத்து-பதினொன்று, பன்னிரண்டு-பதின்மூன்று ஸ்பேனரோடு இந்த வண்டிக்குப் பக்கத்தில் போகாதீர்கள். நட்டின் மூலை உருண்டுவிடும். ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரை அளவுமுறையின் சந்ததி இந்த வண்டியின் நட்டுகள். அதற்கான ஸ்பேனரில் கால் அங்குலம் என்று பொறித்திருந்தால், அது நட்டின் அகலமில்லை, உள்ளே போகும் போல்ட்டின் தடிமன். முதல் தடவை பார்க்கிறவனுக்கு மரை கழன்றுவிடும். அதோடு சைக்கிள் மரை என்று ஒன்று தனியாக இருக்கிறது, அங்குலத்துக்கு 26 சுற்று. இதை இதற்கு மேல் நீட்டினால் நீங்கள் காபி குடிக்கக் கிளம்பிவிடுவீர்கள்.

சோதனைக்கு வருவோம். டிரம்மின் விளிம்பில் கார்க் பிளேட்டின் காதுகள் உட்காரும் வெட்டுகள் இருக்கின்றன. பல வருஷம் அடி வாங்கி அந்த வெட்டின் சுவரில் பள்ளம் விழுந்திருக்கும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். கிளட்ச் பிடிக்கும்போது பிளேட் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நகராது. அதை நைஸ் அரத்தால் சமமாக ராவ வேண்டும். எல்லா வெட்டிலும் ஒரே அளவு ராவ வேண்டும், இல்லாவிட்டால் ஒரு காது மட்டும் முழுச் சுமையையும் தாங்கும். ஸ்டீல் பிளேட்டைத் தடித்த கண்ணாடி மேல் படுக்க வைத்து ஓரத்தில் விரலால் தட்டுங்கள். 'டக் டக்' என்று ஆடினால் வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்த முயல வேண்டாம். ஓரமாக வைத்து விடுங்கள், அதற்கு வேறு உபயோகம் இருக்கிறது, சொல்கிறேன்.

இப்போது இந்த உருண்டைப் பெட்டி. இதற்குள்ளே மூன்று கை கொண்ட ஒரு நட்சத்திரம் இருக்கிறது. ஒவ்வொரு கைக்கும் ஒரு பக்கம் பெரிய ரப்பர், மறுபக்கம் சின்ன ரப்பர். இன்ஜின் இழுக்கும்போது பெரியது நசுங்கும், ஆக்சிலேட்டரை விட்டதும் சின்னது தாங்கும். அவ்வளவு முறுக்கும் சங்கிலி மேல் சம்மட்டியாக விழாமல் இருப்பது இந்த ஆறு ரப்பரால். பெரியவை மூன்றும் விரலால் அழுத்தினாலே போய்விடும். சின்னவை மூன்றும் போகவே போகாது. கிரீஸ் போடக் கூடாது, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போடுங்கள். நட்சத்திரத்தை ஒரு நீள இரும்பால் முறுக்கிப் பிடித்து, பெரிய ரப்பரை நசுக்கி, அந்தப் பக்கம் திறக்கும் சந்தில் சின்னதைத் திணிக்க வேண்டும். இரண்டு ஆள் வேலை. எங்கள் வீட்டில் இரண்டாவது ஆள் என் மனைவி. மூன்றாவது ரப்பர் உள்ளே போனதும் அவர் சொன்னதை மேடையில் சொல்ல முடியாது.

மூடியைப் பூட்டும் முன் ஒரு விஷயம். ஸ்ப்ரிங்குகளைத் தாங்கும் மூன்று பின்களும் பின்பக்கத்திலிருந்து செருக வேண்டியவை. மறந்துவிட்டு எல்லாவற்றையும் கியர்பாக்ஸ் தண்டில் ஏற்றி நட்டை இறுக்கிவிட்டால், மறுபடி முதலிலிருந்து. நான் இரண்டு தடவை மறந்திருக்கிறேன்.

அடுத்தது, என்னைத் தலைகுனிய வைத்த இடம். டிரம் எதன் மேல் சுழல்கிறது? நடுவே இருக்கும் ஹப்பின் கழுத்தில் 20 சின்ன உருளைகள், ரோலர் என்போம். கிரீஸ் தடவி ஒவ்வொன்றாக ஒட்டவைத்து அதன் மேல் டிரம்மை இறக்க வேண்டும். பழைய உருளைகளில் தேய்மானம் தெரிந்தது. புதிதாக வாங்க ஒரு பேரிங் கடைக்குப் போனேன். கையில் மைக்ரோமீட்டர் வைத்து விட்டத்தை அளந்தேன். கால் அங்குலம். நீளமும் பார்வைக்குக் கால் அங்குலம்தான். கடைக்காரர் கால்-கால் ரோலர் ஒரு பொட்டலம் தந்தார். ஒரு பவுண்டு மிச்சம் என்று சந்தோஷமாக வந்தேன். எல்லாம் பூட்டி, எண்ணெய் ஊற்றி, கிளம்பினேன். கோவென்ட்ரி-பர்மிங்காம் சாலையில் சிவப்பு விளக்கு. கிளட்ச்சைப் பிடித்தேன், வண்டி என்னைக் கேட்காமல் முன்னால் நகர்கிறது. நியூட்ரல் விழவில்லை. பிரேக்கை அழுத்தினேன், இன்ஜின் அணைந்தது. பின்னால் வரிசையாக ஹார்ன். கிளட்ச் கட் ஆகவில்லை என்று நம்மூரில் சொல்வோமே, அதேதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து யோசித்தேன், ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து திரும்பக் கழற்றி, பழைய உருளையையும் புதிய உருளையையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தபோதுதான் தெரிந்தது. விட்டம் ஒன்றுதான். நீளம் வேறு. கால் அங்குலம் என்றால் 0.250. இந்த வண்டி கேட்பது 0.231-க்கும் 0.236-க்கும் இடையில். வித்தியாசம் நகக்கண்ணில் படியும் அழுக்கின் அளவு. ஆனால் நடு நட்டை இறுக்கியதும் அந்த உருளைகளின் இரண்டு முனையையும் ஹப்பும் நட்சத்திரமும் கிட்டிபோட்டுவிடுகின்றன. டிரம் தன்பாட்டுக்குச் சுற்ற முடியாமல் ஹப்பையும் சேர்த்து இழுக்கிறது. பன்னிரண்டு முகத்தையும் என் நாலு விரல் விலக்கி வைத்தாலும் என்ன பயன்? அடியில் வேறொரு கிளட்ச்சை நானே செய்துவைத்திருக்கிறேன். கடைக்காரர் மேல் தப்பில்லை. கேட்டதைத் தந்தார். நீளத்தை அளக்காதது என் கை.

சரி, தண்டில் ஏற்றுவோம். சங்கிலிக்கு இணைப்புக் கண்ணி கிடையாது. முன் பல்சக்கரம், சங்கிலி, கிளட்ச் மூன்றையும் ஒன்றாகத் தூக்கி, இரண்டு தண்டிலும் ஒரே சமயத்தில் நுழைக்க வேண்டும். கியர்பாக்ஸ் தண்டின் முனை கூம்பு. அதில் ஒரு சின்னச் சாவி உட்கார்ந்திருக்கும். சாவிதான் சுமையைத் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது இடம் காட்டுவதற்கு மட்டும். பிடிப்பு முழுக்கக் கூம்பினுடையது. எண்ணெய்ப் பசை ஒரு துளி இல்லாமல் துடையுங்கள். நீல மை தடவிப் பார்த்துச் சரியாக ஒட்டவில்லை என்றால் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டால் தேய்த்து உட்கார வையுங்கள். இரண்டு பல்சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்த்து, இல்லையென்றால் முன் சக்கரத்துக்குப் பின்னால் ஷிம் சேர்க்க வேண்டும். இதுவும் கைக்கு விட்ட அளவுதான்.

சங்கிலியில் 84 கண்ணி. 29 பகா எண் என்பதால் ஒரு குறிப்பிட்ட பல் ஒரே கண்ணியையே திரும்பத் திரும்பச் சந்திப்பதில்லை. தேய்மானம் எல்லோருக்கும் பங்காகிறது. செயின் நீண்டுவிட்டது என்கிறோம். இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஊசி தேய்கிறது. கண்ணிக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேய்ந்தால், 84 கண்ணியில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஆகிவிடும்.

நடு நட்டுக்கு 50 பவுண்டு-அடி. இறுக்கும்போது எல்லாம் சேர்ந்து சுற்றுமே, எதைப் பிடிப்பது? அந்த வளைந்த ஸ்டீல் பிளேட்டை ஓரமாக வைக்கச் சொன்னேன் அல்லவா? அதோடு ஒரு பழைய கார்க் பிளேட்டையும் சேர்த்து வெல்டு வைத்துவிட்டால், உள்ளே போட்டதும் ஹப்பும் டிரம்மும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். டாப் கியர் போட்டு ஒருவர் பின் பிரேக்கை மிதித்தால் போதும். கடையில் இதை ஒரு கருவி என்று விற்கிறார்கள்.

பிறகு பிளேட்டுகள். முதலில் கார்க், பிறகு ஸ்டீல், மாற்றி மாற்றி. கடைசியில் ஸ்டீல், அதன் மேல் பிரஷர் பிளேட். தண்டின் நடு ஓட்டை வழியாகத் தள்ளுகோல் போகிறது. மூன்று கிண்ணம், மூன்று ஸ்ப்ரிங், மூன்று நட்டு. நட்டின் அடியில் ஒரு சின்னக் குமிழ், ஸ்ப்ரிங்கின் முனையில் மாட்டிக்கொண்டு தானாகக் கழலாமல் காக்கும். பின்னின் முனை நட்டின் தலையோடு சமமாகும் வரை இறுக்குவது ஆரம்ப அளவு. இங்கேதான் பெரும்பாலோர் மூடியைப் போட்டுவிடுகிறார்கள்.

போடாதீர்கள். கிளட்ச் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பிரஷர் பிளேட் சுற்றும். அதன் ஓரத்தை மட்டும் பாருங்கள். குயவர் சக்கரத்தில் மண்ணை நடுவுக்குக் கொண்டுவரும் முன் அது தள்ளாடுமே, அதுபோல ஒரு பக்கம் வெளியே எட்டிப்பார்க்கும். எந்தப் பக்கம் அதிகமாக வெளியே வருகிறதோ, அங்கே ஸ்ப்ரிங் தளர்ச்சி. அந்த நட்டைக் கால் சுற்று, அரைச் சுற்று. மறுபடி கிக்கர். மறுபடி பார்வை. எனக்குப் பதினைந்து நிமிஷம் ஆகும், சில நாள் அரை மணி. தட்டு ஆடாமல் அசையாமல் நின்ற இடத்தில் சுற்றும்போது, அது சுற்றுகிறதா நிற்கிறதா என்று ஒரு கணம் சந்தேகம் வரும். அப்போது ஸ்ப்ரிங்கைத் தொடாதீர்கள்.

ஜப்பான் வடிவமைப்பில் வந்த வண்டிகளில் இந்த வேலையே கிடையாது. ஸ்ப்ளெண்டரில் ஸ்ப்ரிங் போல்ட்டை முட்டும் வரை இறுக்கினால் முடிந்தது. அளவு ஆலையிலேயே முடிவாகிவிட்டது. அதுதான் சிறந்த இன்ஜினியரிங் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தினமும் வேலைக்குப் போக வண்டி வேண்டுமென்றால் அதையே வாங்குங்கள். பிரிட்டிஷ் வண்டி எண்ணெய் ஒழுகும், கிளட்ச் ஒட்டும் என்று கெட்ட பெயர் வாங்கியதில் பாதி, வரைந்தவர்கள் கைக்கு விட்ட அளவை யாரோ ஒரு கை அவசரமாக முடித்ததால் வந்தது. மீதிப் பாதி நிஜமாகவே அந்த வண்டியின் குணம்.

மிச்சம் கொஞ்சம்தான். பிரஷர் பிளேட்டின் நடு ஸ்க்ரூவைத் தள்ளுகோலில் முட்டும் வரை திருகி, ஒரு முழுச் சுற்று பின்னால் எடுத்துப் பூட்டுங்கள். முன்னால் ஆல்டர்னேட்டர் காந்தம். அதற்கும் சுற்றியுள்ள இரும்புக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஆயிரத்தில் எட்டுப் பங்கு அங்குல இடைவெளியாவது வேண்டும், 0.2 மி.மீ. ஸ்டீல் கேஜ் போட்டால் காந்தம் பிடித்துக்கொண்டு பொய் சொல்லும். நான் பால் கேனிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் பட்டையை அளந்து வைத்திருக்கிறேன். சங்கிலிக்கு அடியில் ரப்பர் பூசிய வில் ஒன்று. கீழ்ச் செருகியைக் கழற்றி அந்தத் துவாரம் வழியாக அதை முறுக்கினால் சங்கிலி இறுகும். மேல் ஓட்டத்தில் ஆட்டம் அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கிக்கரைச் சுற்றிச் சுற்றி, சங்கிலி அதிகம் இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும். அந்தப் பெரியவர் காதால் அளந்தது இதைத்தான். கடைசியில் 350 மில்லி எண்ணெய். உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த நவீன கார் எண்ணெய் வேண்டாம், பன்னிரண்டு முகமும் வழுக்கிவிடும்.

கேள்விகளுக்கு முன் ஒரு சின்ன விளையாட்டு. இந்தக் கிண்ணத்தில் 20 உருளை இருக்கிறது. 19 வண்டியிலிருந்து எடுத்தவை. ஒன்று, அன்றைக்குப் பொட்டலத்தில் வாங்கிய முழுக் கால் அங்குலம். வெர்னியர் என் பையில் இருக்கிறது, இப்போதைக்கு வெளியே எடுக்க மாட்டேன். லேத் பட்டறைக்காரர்கள் முதலில் மேடைக்கு வாருங்கள், விரலாலேயே பார்ப்போம். திரும்ப வைக்கும்போது மட்டும் எண்ணி வையுங்கள்.